குற்றாலத்தில் ஒன்றும் இல்லை

ஜூன் 2

பிரபலமானவர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நானும் எழுத ஆரம்பித்துவிட்டேன். இனி பிரபலம் ஆவது மட்டும்தான் பாக்கி.

பெயர் நவநீதன். ஊர் மதுரை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தோடு நிறுத்திக்கொண்டேன். 'நிறுத்திக்கொண்டேன்' என்பது என் சொல். அப்பா வேறு சொல் வைத்திருக்கிறார். இப்போது டவுன்ஹால் ரோட்டில் ஒரு செல்போன் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறேன். குமிழ் விழாமல் ஒட்டுவேன். வாழ்க்கையில் நான் கடைசிவரை முடிக்கும் ஒரே வேலை அது. அரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால்.

திட்டம் இதுதான். தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய வீடியோ கேம் கடைகளைத் தேடிப் போவது. ஆளுயரப் பெட்டி, டோக்கன் போடும் துளை, உருண்டைத் தலை வைத்த குச்சி, நின்றுகொண்டே ஆடுவது, அந்த மாதிரி. ஞாயிறுதோறும் ஓர் ஊர். நன்றாக இருந்தால் இன்ஸ்டாகிராமில் எழுதுவேன். பக்கத்தின் பெயர் 'டோக்கன் இருக்கா'. ஒரு கடை போய்ப் பார்க்கத் தகுந்ததா என்பதற்கு என்னிடம் இரண்டே விதி: மிஷின் ஓட வேண்டும், பக்கத்தில் நின்று ஆட ஓர் ஆள் வேண்டும்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"ஊர் ஊராப் போயி என்னத்தப் பாக்கப் போற?"

"பழைய வீடியோ கேம் மிஷின்ப்பா."

"பாத்து?"

"நல்லாருக்கான்னு எழுதுவேன்."

"எழுதி?"

அம்மா ரசம் ஊற்றினார்.

ஜூன் 9

கொடைக்கானல். ஏரிக்கு எதிரே பெரிய போர்டு, உள்ளே பொம்மை கவ்வும் இயந்திரங்கள். பழைய மிஷின் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சு. இந்தக் கண்ணாடிய மாட்டிப் பாருங்க, டைனோசர் வரும்."

மாட்டினேன். கண்ணாடியில் ஊரில் உள்ள அத்தனை பேரின் தலை எண்ணெய் வாசனை. டைனோசர் வந்தது. நான் கத்திவிட்டேன். வரிசையில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே டிக்கெட் எடுத்திருக்கலாம்.

எழுதவில்லை. மோசமான கடையைப் பற்றி எழுதுவதில்லை என்று மூன்றாவதாக ஒரு விதி சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 10

ஒரு கிளாஸ் கோணலாக ஒட்டினேன். பஸ் தூக்கம்.

ஜூன் 16

ஏற்காடு. கிடைத்துவிட்டது.

ஒரு பஜ்ஜிக் கடையின் பின்பக்கம் இரண்டு மிஷின்கள். ஒன்று கார், ஒன்று சண்டை. கடைக்காரர் பெயர் பன்னீர்.

"ஓடுமாண்ணே?"

"ஓடும். ஆனா பஜ்ஜி வாங்கணும்."

குச்சியெல்லாம் பஜ்ஜி எண்ணெய். வழுக்கி வழுக்கி ஆடினேன். எதிராட வந்தவர் கடையில் மாவு கரைக்கும் ஆள். கையைக் கழுவாமல் வந்து என்னை மூன்று முறை அடித்துப் போட்டார். இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை, கல்லூரியையும் சேர்த்துச் சொல்கிறேன். பஸ்ஸிலேயே நீளமாக எழுதிப் போட்டேன். இறங்குவதற்குள் முதல் ரசிகர். சென்னையிலிருந்து ஆதித் என்று ஒருவர்: 'ப்ரோ, செம. எக்ஸாக்ட் லொக்கேஷன் ப்ளீஸ்.'

அனுப்பினேன். ரசிகர்களை மதிக்க வேண்டும்.

ஜூன் 23

வேளாங்கண்ணி. சங்கு, மெழுகுவர்த்தி விற்கும் கடைகளுக்குப் பின்னால் ஆரோக்கியம் என்பவரிடம் மூன்று மிஷின்கள். உப்புக் காற்றில் தகரமெல்லாம் துரு, ஆனால் படம் பளிச்சென்று இருந்தது. மொட்டை போட்ட ஒரு கல்யாணமான ஆள் என்னோடு சேர்ந்து ஆடினார். மனைவி வெளியிலிருந்து நான்கு தடவை கூப்பிட்டார். ஐந்தாம் தடவை அவரே உள்ளே வந்து ஆட ஆரம்பித்துவிட்டார்.

எழுதியாயிற்று. ஆதித் உடனே லொக்கேஷன் கேட்டார். நல்ல மனிதர்.

ஜூலை 1

யாரோ கமெண்ட் போட்டிருந்தார்கள்: 'ஏற்காட்டில் நீங்கள் சொன்ன இடத்தில் பஜ்ஜி மட்டும்தான் இருக்கிறது.' பன்னீருக்குப் போன் போட்டேன்.

"குடுத்துட்டேன்ப்பா. மெட்ராஸ்காரர் ஒருத்தர் வந்து ரெண்டையும் தூக்கிட்டுப் போயிட்டாரு. அந்த எடத்துல இன்னொரு அடுப்பு போட்டாச்சு. வா, ஒரு தட்டு சும்மாவே தர்றேன்."

பாவம். துக்கத்தை மறைத்துக்கொண்டு பேசினார்.

ஜூலை 7

குற்றாலம். இதற்கு முன் எழுதியதெல்லாம் வீண்.

மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜுக்குக் கீழே 'ஜெபா வீடியோ கேம்ஸ்'. ஐந்து பெட்டிகள், நான்கு ஓடுகின்றன. சாரலில் சர்க்யூட் போர்டு பூத்துப் போகாமல் இருக்க ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரிகிறது. தொட்டால் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கிறது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. நான்கும் ஒரே நேரத்தில் பாடுகின்றன, வெடிக்கின்றன, அலறுகின்றன. சொர்க்கம் இப்படித்தான் இருக்கும்.

கடையைப் பார்த்துக்கொள்வது எஸ்தர் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் பஞ்சு வைத்திருந்தார். சளி போல.

"எங்கேருந்து வாறிய தம்பி?"

"மதுரைக்கா."

"குளிக்க வந்தியளா?"

"இல்லக்கா, இதைப் பாக்கத்தான்."

"இதையா?" என்று கேட்டுவிட்டு, என் பின்னால் யாராவது பெரியவர்கள் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

விமான கேமில் என்னோடு ஆட வந்தவர் சுடலை. மினிபஸ் டிரைவர். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் வந்து ஆடுவாராம். கடைசி லெவலை முடித்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

"என்னடே மதுர, இப்படிச் சாவுதே?" என்றார். "குண்டு வந்தா ஒதுங்கணும். நீ போயிக் கட்டிப் பிடிக்கே."

என் டோக்கன் தீர்ந்தபோது எஸ்தர் அக்கா பெட்டியின் பின்னால் கையை விட்டு ஒரு சுவிட்சை அழுத்தினார். டோக்கன் போடாமலே ஆட்டம் வந்தது. ஏதாவது மாட்டிக்கொண்டால் சரிபண்ண வைத்த சுவிட்சாம். என் ஆட்டத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அழுத்தியிருக்கலாம். திறமையைப் பார்த்து அழுத்தினார் என்று வைத்துக்கொள்கிறேன்.

மழையில் ஆள் குறைந்தபோது பேசிக்கொண்டிருந்தோம். அவர் கணவர் தனராஜ் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. மகள் பிளெஸ்ஸி ஆறாவது படிக்கிறாள், அங்கேதான், அத்தை வீட்டில். மாதம் ஒருமுறை அக்கா போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.

"நீங்களும் அங்கேயே போயிரலாமேக்கா?"

"இந்தப் பொட்டியள யாருட்ட விட்டுட்டுப் போவ? போட்ட மொதலு பூரா இதுலதான கெடக்கு. பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேட்டான். எடைக்குப் போட்டா அங்க ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்சு கூடத் தேறாது."

"நல்லவேளை, போடல," என்றேன்.

அவர் போனில் மகளின் படத்தைக் காட்டினார். அதே மூக்கு.

ஜூலை 12

வேளாங்கண்ணியும் போயிற்று. ஆரோக்கியம் கடையில் இப்போது ஐஸ்கிரீம் பெட்டி. நான் நன்றாக இருக்கிறது என்று எழுதிய இரண்டும் ஒரே மாதத்தில் மூடிவிட்டன. எனக்கு ராசியில்லை என்று நினைத்தேன். பத்தாம் வகுப்பில் நான் சேர்ந்த டியூஷன் சென்டரும் இப்படித்தான் மூடியது.

சாயங்காலம் ஆதித் ஒரு படம் அனுப்பினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கஃபே. சுவரோரம் ஐந்து பழைய மிஷின்கள். ஒன்றின் குச்சிக்குக் கீழே எண்ணெய்க் கறை, தமிழ்நாட்டு வரைபடம் மாதிரி. அந்தக் கறையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். ஏற்காட்டுக் கறை.

'உங்க லிஸ்ட் இல்லேன்னா இந்த கஃபேயே இல்ல ப்ரோ. அடுத்து எந்த ஊர்?'

என் முதல் ரசிகன். ஒரே ரசிகனும்கூட என்பதை இன்றுதான் கவனித்தேன்.

குற்றாலத்தைப் பற்றி எழுதி வைத்திருந்ததைப் போடவில்லை. போட மாட்டேன்.

ஜூலை 21

மறுபடி குற்றாலம். ஆறு நாள் கண்ணாடி ஒட்டுவது ஏழாம் நாள் இங்கே வருவதற்குத்தான் என்று ஆகிவிட்டது. போன ஞாயிறும் வந்தேன். எழுதவில்லை, விமான கேமில் நாலாம் லெவல் தாண்டியதைத் தவிர எழுத ஒன்றும் நடக்கவில்லை.

எஸ்தர் அக்காவிடம் நடந்த கொடுமையைச் சொன்னேன். ஏற்காடு, வேளாங்கண்ணி, கஃபே, எல்லாம். காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். அவ்வளவு வருத்தம் அவருக்கு.

"எல்லாத்தையுமா வாங்கிட்டாக?"

"எல்லாத்தையும்க்கா."

"ஓடாததையுமா?"

"அலங்காரத்துக்கு வைப்பானாம்."

"எடைக்கு எடுத்தாகளா, வெலைக்கு எடுத்தாகளா?"

"நல்ல விலைக்குத்தான். அதான் எல்லாரும் மயங்கிடுறாங்க."

"வண்டி நாமதான் பிடிக்கணுமோ?"

"அவனே அனுப்பிடுறான்க்கா. ஒரு நாள்ல காலி."

சற்று நேரம் ஐந்து பெட்டிகளையும் வரிசையாகப் பார்த்தார். கண் கலங்கியதுபோல் இருந்தது.

"அவுகளுக்கு இந்த எடமெல்லாம் எப்படித் தெரியிது?"

"நான் எழுதுறதப் பாத்துத்தான். என் தப்புதான்க்கா. ஆனா இந்தக் கடைக்கு அப்படி ஆக விட மாட்டேன்."

"வந்தா வரட்டும் தம்பி. நீங்க எழுதுங்க."

என்ன தைரியம். எனக்குப் புல்லரித்தது. சுடலை தேங்காய் பன்னைத் தின்றுகொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவனுக்கு வெளங்கல எஸ்தரு," என்றார். எந்த லெவலைச் சொன்னார் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது நேந்திரம் சிப்ஸ் ஒரு பொட்டலம் கொடுத்து அக்கா மறுபடி சொன்னார். "நல்லபடியா எழுதுங்க, என்ன?"

ஜூலை 22

சிப்ஸ் முழுவதையும் அப்பா தின்றுவிட்டார். "இது ஒண்ணுதான் உன் பிரயாணத்துல உருப்படியான விசயம்," என்றார்.

ஆகஸ்ட் 4

எஸ்தர் அக்கா பெட்டிகளை எல்லாம் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்திருக்கிறார். குச்சிகளுக்குப் புது உருண்டை. ஓடாத ஐந்தாவது பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் கிறிஸ்துமஸ் சீரியல் பல்பு. நான் தேர்ந்தெடுத்த கடையின் பெருமையைக் கடைக்காரரே உணர்ந்துவிட்டார் என்று பூரித்துப் போனேன்.

"வெளிச்சம் இருக்கையிலே போட்டோ எடுத்துருங்க தம்பி. ஒவ்வொண்ணா எடுங்க. பின்பக்கமும் எடுங்க, போர்டு தெரியிற மாதிரி."

"பின்பக்கம் எதுக்குக்கா?"

"கேட்டா காட்டணும்லா."

யார் கேட்பார்கள் என்று கேட்டிருக்கலாம். விமான கேம் காலியாக இருந்ததால் அங்கே போய்விட்டேன். ஏழாம் லெவல். சுடலை தோளில் தட்டினார். பஸ் ஏறும்வரை அந்தத் தோளையே தடவிக்கொண்டிருந்தேன்.

அக்கா பிளெஸ்ஸியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் வந்துருவேன் மக்ளே. ஒரு அண்ணன் எழுதிப் போடுதேன்னு சொல்லிருக்கு. எழுதுனதும் வந்துருவாக." கூட்டம் வரும் என்று மகளுக்கு ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். அப்படித்தான் புரிந்துகொண்டேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 7

ஆதித்: 'ப்ரோ, தென்காசில ஃப்ரெண்ட் கல்யாணம். சனிக்கிழமை வரேன். குற்றாலம் பக்கம் ஏதாவது மிஷின் இருக்கா? இருந்தா நேர்ல பாத்து முடிச்சிடுவேன்.'

இரண்டு மணி நேரம் பதில் போடவில்லை. ஆறு கிளாஸ் ஒட்டினேன். ஆறும் சுத்தம். பிறகு அவருக்குத் தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே போட்டுவிட்டேன், வேறு யாரும் தேடிப் போகாமல் இருக்கட்டும் என்று:

'குற்றாலத்தில் ஒன்றும் இல்லை. அருவியில் குளித்துவிட்டு ஊர் போய்ச் சேருங்கள்.'

மோசமாக எழுதுவதில்லை என்ற மூன்றாவது விதியை உடைத்தேன், இருப்பதிலேயே நல்ல கடைக்காக. அப்பா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 8

ஆதித் அதற்குக் கீழேயே கமெண்ட் போட்டிருந்தார்: 'ஓகே ப்ரோ. அப்ப தென்காசி கல்யாணத்தோட திரும்பிடுறேன். தேங்க்ஸ், டைம் சேவ் பண்ணிட்டீங்க.'

ஒரு கடையைக் காப்பாற்றியவன் எப்படித் தூங்குவான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். புரண்டு புரண்டு படுப்பானாம்.

ஆகஸ்ட் 18

போன வாரம் போகவில்லை. காய்ச்சல் என்று வீட்டில் சொன்னேன். இன்று போனேன்.

எஸ்தர் அக்கா "வாங்க" என்று சொல்லவில்லை. டோக்கன் எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் பெட்டியில் போட்டார். மீதியையும் சரியாகக் கொடுத்தார். சுடலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆடவில்லை.

"எங்க வீட்டுக்காரவுக போன் போட்டாக," என்றார் அக்கா. "நான் உங்க பேரச் சொல்லியிருந்தேன்லா, தேடிப் பிடிச்சு வாசிச்சுக் காட்டுனாக. குற்றாலத்தில் ஒன்றும் இல்லை. இது நீங்க எழுதுனதா?"

"ஆமாக்கா. அது உங்களக் காப்பாத்தறதுக்கு..."

"எதுலேருந்து?"

சண்டை கேம் தனக்குத்தானே ஆடிக்கொண்டிருந்தது. யாரும் ஆடாதபோது அது அப்படித்தான் இரண்டு பேரை அடித்துக்கொள்ள விடும்.

"அந்த ஆளு வந்தா எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருவான்க்கா."

"போட்டும்னுதான தம்பி தொடச்சித் தொடச்சி வச்சேன்."

"உங்களுக்கு இந்தக் கடை பிடிக்கும்னு நெனச்சேன்."

"கேட்டியளா?"

இல்லை. கேட்கவில்லை.

"இந்தச் சத்தத்துக்குக் காதுல பஞ்சு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். ராத்திரி படுத்தாலும் மண்டைக்குள்ள டிஷ்யூம் டிஷ்யூம்ங்கு. எம் பிள்ள அங்க பெரியவளாகிட்டு வாரா. நான் இங்க அடுத்தவுக பிள்ளையளுக்குச் சில்லற மாத்திக் குடுக்கேன்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த மெட்ராஸ்காரவுக தென்காசி வரைக்கும் வந்தாகளாமே? மூணு மைலு தம்பி."

நான் சுடலையைப் பார்த்தேன். ஆண் துணை தேடினேன் என்று சொல்லலாம். அவர் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

"தம்பிக்கு ஞாயித்துக்கெழம ஆட ஒரு எடம் வேணும் எஸ்தரு. அதுக்கு நீ காவக்காரி," என்று சொல்லிவிட்டு டிரிப்புக்குப் போய்விட்டார்.

வாங்கிய டோக்கன்களைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் சரியாகக் காசைத் தந்தார்.

ஆகஸ்ட் 19

நன்றாக யோசித்துப் பார்த்தேன். அவர் 'எழுதுங்க' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்குப் புரிந்திருந்தது. முழுக்க இல்லை. முக்கால்வாசி. மீதிக் காலை வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21

ஆதித்துக்கு முதல் தடவையாகப் போன் பேசினேன்.

"ப்ரோ, குற்றாலத்துல அஞ்சு மிஷின் இருக்கு."

"ஒண்ணுமில்லைன்னு நீங்கதான ப்ரோ போட்டீங்க?"

"பொய் சொன்னேன்."

"ஏன் ப்ரோ?"

பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் அவசரத்தில் இருந்தார்.

"நான் திருவனந்தபுரத்துல வேற செட்டு பேசிட்டேன் ப்ரோ. திங்கக்கெழம அட்வான்ஸ் குடுக்கணும். அதோட, தப்பா எடுத்துக்காதீங்க, உங்கள இப்ப எப்படி நம்புறது?"

"நேர்ல வந்து பாருங்க."

"டைம் இல்ல. லைவ்ல காட்டுங்க. எடிட் பண்ண வீடியோ வேணாம். பழைய போர்டு எல்லாம் சூடாச்சுன்னா கடைசி லெவல்ல தொங்கிரும், படம் அப்படியே நின்னுரும். விமான கேம் வச்சிருக்கீங்களா? அத ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ஆடிக் காட்டுங்க. தொங்கலேன்னா அஞ்சையும் எடுத்துக்கிறேன்."

நான் அதன் கடைசி லெவலை முடித்ததே இல்லை. எதன் கடைசி லெவலையும்.

பக்கத்தில் போட்டதை மாற்றி எழுதினேன்: 'குற்றாலத்தில் ஐந்து மிஷின்கள் இருக்கின்றன. ஒன்றும் இல்லை என்று நான் எழுதியது பொய். எனக்கு மட்டும் வேண்டும் என்பதற்காக எழுதினேன்.' பிறகு எஸ்தர் அக்காவுக்குப் போன் செய்து ஆதித் சொன்னதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சுடலையை இருக்கச் சொல்லுங்கள் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 25

போனை ஒரு ஸ்டூல்மேல் கல் வைத்து நிறுத்தினோம். அந்தப் பக்கம் ஆதித், ஏதோ ஜூஸ் குடித்துக்கொண்டு. முதலில் நான்கு மிஷின்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் காட்டினேன். பின்பக்கக் கதவுகளைத் திறந்து போர்டுகளைக் காட்டினேன். பிறகு விமானம்.

ஆடியவர் சுடலை. நான் இரண்டாம் ஆளாகப் பக்கத்தில் நின்று, வரும் குண்டுகளைப் பாதி வாங்கிக்கொள்ளும் வேலை. சுடலை பான்பராக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே ஏழு லெவல் தாண்டினார். எட்டாம் லெவல் முடியும்போது வெளியே மினிபஸ் ஹாரன். கண்டக்டர்.

"அண்ணே, டைமாச்சு. செங்கோட்டைக்காரன் முந்திருவான்."

"இருடா."

"ஆளுக வைதுக்கிட்டு இருக்காவ."

சுடலை குச்சியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கடேசி ஒண்ணுதான். முடிச்சிரு."

"அண்ணே, எனக்கு வராதுண்ணே."

"வராதுன்னா செத்துச் செத்து முடி," என்று போய்விட்டார்.

கடைசி லெவல் பாதித் திரையை அடைத்துக்கொண்டு வரும் ஒரு கப்பல். வந்ததும் செத்தேன். திரையில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. அவை தீர்வதற்குள் டோக்கன் போடாவிட்டால் முதலிலிருந்து ஆட வேண்டும். நான் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே டங் என்று சத்தம். எஸ்தர் அக்கா பெட்டியின் பின்னால் கையை விட்டிருந்தார்.

"ஆடுங்க."

ஆடினேன். செத்தேன். டங். எழுந்தேன். செத்தேன். டங். இரண்டு குண்டு போட்டேன். செத்தேன். டங்.

"எடது பக்கம் வருது," என்றார்.

"பாத்தேன்க்கா."

"பாத்துட்டா செத்திய?"

டங்.

எத்தனை முறை என்று எண்ணவில்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஒரு குடும்பமே வாசலில் நின்று பார்த்தது. ஒரு பெரியவர், "இந்தத் தம்பி எதுக்கு ஆடுது?" என்று நியாயமாகக் கேட்டார். என் கை வலித்தது. அக்காவின் கையும் வலித்திருக்கும். ஒரு கட்டத்தில் நான் சாவதற்கு முன்பே அவர் அழுத்த ஆரம்பித்துவிட்டார். பிறகு அந்தக் கப்பல் வெடித்தது. திரை முழுக்க வெள்ளை. தொங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். வெள்ளை மெல்ல விலகி, கடலும் சூரியனும் வந்து, ஜப்பான்காரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே போயின.

ஸ்டூலில் இருந்து குரல் வந்தது.

"ப்ரோ, போர்டு சூப்பர். நீங்க ரொம்ப சுமாரா ஆடுறீங்க. பெட்டிக்காரங்களக் கூப்பிடுங்க, விலை பேசிக்கலாம்."

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அந்தப் பேச்சில் எனக்கு வேலை இல்லை. திரும்பி வந்தபோது அவர் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். "ஆமா மக்ளே," என்றார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார்.

ஆகஸ்ட் 26

அப்பா: "நேத்து என்னத்தப் பாத்த?"

"ஒரு கேம முடிச்சேன்ப்பா."

"முழுசாவா?"

"ஒரு அக்கா கூட இருந்தாங்க."

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். தவறாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 8

லாரி வந்தது. பெட்டி தூக்க ஆள் குறைவு என்று நானும் தோள் கொடுத்தேன். ஆடும்போது தெரியாத கனம். விமான கேமை லாரியில் ஏற்றும்போது என் கட்டைவிரல் நசுங்கியது, டெம்பர் கிளாஸுக்கு வேண்டிய அதே விரல்.

கடைசிப் பெட்டியைத் தூக்குவதற்கு முன் எனக்கு ஒரு பெரிய மனது வந்தது.

"அக்கா, கடைசியா நீங்க ஒரு ஆட்டம் ஆடுங்க."

"எனக்கு ஆடத் தெரியாது தம்பி."

"இத்தன வருசத்துல ஒரு தடவை கூடவா?"

"மருந்துக்கடக்காரன் மாத்திரையா திம்பான்?" என்றார். "தூக்கச் சொல்லுங்க."

தூக்கினார்கள். சுடலை வந்து லாரியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். "நானும் இனிமே வீட்டுல போயிச் சாப்பிட வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். லாரி கிளம்பியது.

உள்ளே சுவரில் ஐந்து செவ்வகங்கள், பெட்டிகள் நின்ற இடம் மட்டும் வெள்ளையாக. எஸ்தர் அக்காவின் பை, ஒரு சாக்கு மூட்டை, ஒரு குடை. கோயம்புத்தூர் பஸ் தென்காசியில். அவர் மெயின் சுவிட்சை அணைத்தார்.

ஏதோ சத்தம் கேட்டது. எங்கேயோ தூரத்தில் அரிசி கொட்டிக்கொண்டே இருப்பதுபோல.

"என்னக்கா அது?"

"அருவி."

"இங்க வரைக்குமா கேக்கும்?"

"கரண்டு போனா கேக்கும். சீசன்ல கரண்டு போச்சின்னா தெருவே வையும். எல்லாரும் வரணும்னு வேண்டுவாக. நான் மட்டும் இன்னும் கொஞ்சம் கழிச்சி வரட்டும் ஏசப்பான்னு கேட்டுக்கிடுவேன்."

அவர் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். நான் பையைத் தூக்கினேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா. ஞாயித்துக்கெழம கூட்டமா இருக்கும், ஷேர் ஆட்டோ வேற கெடைக்காது, நான் போயி ஒண்ணு பிடிச்சுட்டு..."

"தம்பி."

"என்னக்கா?"

"ஒரு நிமிசம் பேசாம இருங்க."

இருந்தேன்.